பொறியியல் இயற்பியலா, இயற்பியலா?

பிளஸ் டூ முடித்த ஒரு மாணவிக்கு இயற்பியலில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற ஆசை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன், ஜூலை வாக்கில் அவள் முன் மூன்று வகை இடங்கள் வந்து நிற்கும். ஜேஇஇ தரவரிசையை வைத்துச் சென்னை ஐஐடியிலோ கோழிக்கோடு என்ஐடியிலோ பொறியியல் இயற்பியலில் நான்காண்டு பி.டெக். ஐஏடி என்ற தனித்தேர்வை எழுதியிருந்தால் திருப்பதி, திருவனந்தபுரம் போன்ற ஊர்களில் உள்ள ஐசர் நிறுவனங்களில் ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ். பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு சென்னை லயோலாவிலோ மதுரை அமெரிக்கன் கல்லூரியிலோ மூன்றாண்டு பி.எஸ்சி. இயற்பியல். இந்த மூன்றில் எதில் சேர்ந்தாலும் பின்னால் ஒரு நல்ல இயற்பியல் துறையில் பிஎச்.டி. இடம் கிடைக்குமா?

கிடைக்கும். பிஎச்.டி.க்கு மாணவர்களை எடுக்கும் துறைகள் பட்டத்தின் பெயருக்குப் பெரிய எடை கொடுப்பதில்லை. என்னென்ன தாள்களை எந்த ஆழத்தில் படித்திருக்கிறார், ஆய்வு என்று உண்மையில் என்ன செய்திருக்கிறார், கூட இருந்து அவர் வேலையைப் பார்த்த பேராசிரியர் என்ன எழுதுகிறார் என்பவையே கணக்கு. இந்த மூன்றையும் எந்தப் பட்டத்திலிருந்தும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எதைக் கல்லூரியே கையில் தரும், எதை நாம் தேடிப் போய்ப் பெற வேண்டும் என்பது பட்டத்துக்குப் பட்டம் மாறுகிறது. தேர்ந்தெடுக்கும்போது யோசிக்க வேண்டியது அதைத்தான்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். தமிழ்நாட்டில் பி.இ. படித்த பெரும்பாலோர் முதலாண்டில் ‘இன்ஜினியரிங் பிசிக்ஸ்’ என்ற பொதுத்தாள் ஒன்றை எழுதியிருப்பார்கள். லேசர், ஒளியிழை, படிக அமைப்பு, கொஞ்சம் குவாண்டம் என்று எல்லாப் பிரிவினரும் ஒரு செமஸ்டரில் கடந்துபோகும் தாள் அது. அதை மனதில் வைத்துக்கொண்டு ‘அதை நாலு வருஷம் படிப்பார்களா?’ என்று கேட்கும் அண்ணன்மார், மாமாக்கள் உண்டு. நாம் பேசும் பட்டப்படிப்பு வேறு. பெரும்பாலும் இயற்பியல் துறையே நடத்துகிற முழு பி.டெக். அது. இயற்பியலின் மையத் தாள்களும், மின்னணுவியல், கருவிகள், பொருளறிவியல், கணினி ஆகியவற்றின் பொறியியல் தாள்களும் அதில் ஏறக்குறைய சம பங்கில் கலந்திருக்கும்.

பாடத்தில் என்ன வேறுபாடு

பிளஸ் டூ பாடநூலில் எல்சி அலைவுகள் என்று ஒரு பகுதி உண்டு. ஒரு மின்தூண்டி, ஒரு மின்தேக்கி. ஆற்றல் இரண்டுக்கும் நடுவே மாறி மாறிப் போய்வரும். இந்தச் சிறிய சுற்று இரண்டு படிப்புகளிலும் எப்படி வளர்கிறது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும்.

இயற்பியல் மாணவர் இதை ஊசலாட்டத்தின் இன்னொரு வடிவமாகப் பார்க்கக் கற்கிறார். லக்ராஞ்சியன் எழுதுவார், ஹாமில்டோனியன் எழுதுவார். பிறகு அதையே குவாண்டம் முறையில் கையாண்டு, ஆற்றல் படிநிலைகள் சம இடைவெளியில் அமைவதைக் காட்டுவார். அடுத்த ஆண்டு அதே கணக்கு மின்காந்தப் புலத்துக்கு விரிந்து, ஃபோட்டான் என்ற கருத்தில் போய் நிற்கும். பொறியியல் இயற்பியல் மாணவரும் இந்தப் பாதையில் பாதித் தூரமாவது வருவார். ஆனால் அவருக்கு இன்னொரு பாதையும் உண்டு. உண்மையான சுற்றில் மின்தடை இருக்கும், ஆற்றல் கசியும். ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மையாக இருக்கும், அதை வடிகட்டியாக எப்படிப் பயன்படுத்துவது, வெளியிலிருந்து வரும் இரைச்சலை எப்படி அளந்து குறைப்பது, பின்னூட்டம் கொடுத்து எப்படி நிலைநிறுத்துவது என்று அவர் போவார். சிக்னல்ஸ், கண்ட்ரோல் முதலிய தாள்கள் இதற்காகவே இருக்கின்றன.

இன்றைய மீக்கடத்தி குவாண்டம் கணினியின் அடிப்படை உறுப்பு இந்தச் சுற்றின் வழிவந்ததுதான். மின்தூண்டி இருந்த இடத்தில் ஜோசப்சன் சந்தி வரும். அது இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மிக மெல்லிய மின்காப்பு அடுக்கு கொண்ட அமைப்பு. அது வந்ததும் ஆற்றல் படிநிலைகளின் இடைவெளி சமமாக இருக்காது. அதனால் கீழே உள்ள இரண்டு நிலைகளை மட்டும் தனியே பிரித்துக் கையாள முடிகிறது. ஏன் அப்படி ஆகிறது என்பதை விளக்கக் குவாண்டம் இயக்கவியல் வேண்டும். அதை 10 முதல் 20 மில்லிகெல்வின் வரை குளிர்வித்து, கேபிள் வழியே வெப்பம் உள்ளே நுழையாமல் தடுத்து, நுண்ணலைத் துடிப்புகளை அனுப்பி, வருகிற பதிலை இரைச்சலுக்குள்ளிருந்து எடுக்க மற்ற படிப்பு வேண்டும்.

இந்தத் துறைக்கு அடிக்கல் இட்ட சோதனைகள் 1984, 1985இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஜான் கிளார்க்கின் ஆய்வகத்தில் நடந்தன. கிளார்க், மிஷேல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் 2025ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு அதற்காகவே கிடைத்தது. மார்ட்டினிஸ் அதே பெர்க்லியில் இயற்பியல் இளநிலை முடித்து, அங்கேயே ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர். டெவோரே பாரிசில் தொலைத்தொடர்புப் பொறியியல் பள்ளியில் 1975இல் பட்டம் பெற்று, அதன்பிறகு இயற்பியலுக்கு வந்து முனைவர் பட்டம் முடித்தவர். இரண்டு வழிகளில் வந்தவர்கள் ஒரே ஆய்வகத்தில் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு பட்டங்களுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டைவிட, இயற்பியல் பட்டங்களுக்குள்ளேயே இருக்கிற வேறுபாடு பெரிது. ஒரு ஐசரிலோ, சிறுசேரியில் கணிதமும் இயற்பியலும் இணைந்த பி.எஸ்சி. நடத்தும் சென்னைக் கணிதக் கழகத்திலோ படிப்பவருக்கும், சாதாரண இணைப்புக் கல்லூரியில் பி.எஸ்சி. படிப்பவருக்கும் கிடைப்பது ஒரே படிப்பு ஆகாது. நம் கல்லூரிகள் பலவற்றில் குவாண்டம் இயக்கவியல் கடைசி ஆண்டில் ஒரு தாளாக வந்து, ஹைட்ரஜன் அணுவோடு நின்றுவிடும். செய்முறை என்பது நியூட்டன் வளையமும் நிறமாலைமானியும் பொட்டன்ஷியோமீட்டரும். போன ஆண்டு செய்த அதே சோதனை, அதே அட்டவணை, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து. அங்கிருந்தும் சிறந்த ஆய்வாளர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் பாடத்திட்டத்துக்கு வெளியே தாங்களே படித்துத்தான் வந்தார்கள். ‘இயற்பியல் பட்டம்தான் சுத்தமான வழி’ என்று யாராவது சொன்னால், எந்தக் கல்லூரியின் இயற்பியல் பட்டம் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆகவே சேரும் முன் பாடத்திட்டத்தை இறக்கிப் படியுங்கள். மரபு இயக்கவியலில் லக்ராஞ்சியன், ஹாமில்டோனியன் முறைகளும் திண்பொருள் சுழற்சியும் வருகின்றனவா? மின்காந்தவியல் மேக்ஸ்வெல் சமன்பாடுகளோடு நின்றுவிடுகிறதா, கதிர்வீச்சு வரை போகிறதா? குவாண்டத்தில் உலைவுக் கோட்பாடும் சிதறலும் உண்டா? புள்ளியியல் இயக்கவியலில் ஃபெர்மி, போஸ் புள்ளியியல்களை எட்டுகிறார்களா? இந்த நான்கும் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் நல்ல ஆழத்தில் வருகிற படிப்பு, பட்டத்தின் பெயர் என்னவாக இருந்தாலும், பிஎச்.டி.க்குத் தயார்செய்யும். பொறியியல் இயற்பியலில் நான்கும் பெரும்பாலும் இருக்கும். ஆனால் இரண்டு தாள்களில் வர வேண்டியது ஒன்றில் அடைபட்டிருக்கலாம். இரண்டாம் தாளை விருப்பப் பாடமாக எடுக்க இடம் தருகிறார்களா என்று பாருங்கள். இந்த ஒரு விவரத்தை வைத்தே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன்.

எந்த ஆராய்ச்சிக்கு எது

துகள் கோட்பாடு, பொதுச் சார்பியல், சரக் கோட்பாடு போன்ற கோட்பாட்டுத் துறைகளில் மனம் உறுதியாக இருந்தால் இயற்பியலையோ, கணிதம் சேர்ந்த இயற்பியலையோ எடுங்கள். இந்தத் துறைகளில் முதல் ஆய்வுக் கட்டுரையைப் புரிந்துகொள்ளவே குவாண்டப் புலக் கோட்பாடு, குலக் கோட்பாடு, வகையீட்டு வடிவியல் என்று ஓர் அடுக்கு கணிதம் தேவை. வாரத்தில் இரண்டு மதியங்கள் பட்டறையிலும் பொறியியல் வரைபடத்திலும் போனால், அந்த நேரம் வேறெங்கிருந்தோதான் வர வேண்டும்.

சுப்பிரமணியன் சந்திரசேகரை எடுத்துக்கொள்வோம். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்தபோது, 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். சந்திரசேகர் அவரைச் சந்தித்தார். தான் கரைத்துக் குடித்திருந்த சோமர்ஃபெல்டின் அணு நூலில் இருக்கும் பழைய குவாண்டம் கோட்பாடு காலாவதியாகிவிட்டது என்பதை அந்த ஆசிரியர் வாயாலேயே கேட்டார். உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றிய தன் புதிய கட்டுரையின் அச்சுப்படிகளை சோமர்ஃபெல்ட் அவரிடம் கொடுத்தார். அதன்மூலம் ஃபெர்மி-டிராக் புள்ளியியலைக் கற்று, மாணவராக இருக்கும்போதே அதைப் பயன்படுத்திக் கட்டுரை எழுதினார். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது வெண்குறு விண்மீன்களுக்கு ஒரு நிறை எல்லை உண்டு என்று அவர் கணக்கிட்டதும் அந்தப் புள்ளியியலோடு சார்பியலை இணைத்துத்தான். புதிதாக வந்ததை உடனே உள்வாங்க அவருக்கு அடிப்படைக் கணிதமும், அதில் மூழ்கியிருக்க நேரமும் இருந்தன. நல்ல இயற்பியல் பட்டம் கொடுக்கக்கூடியது அந்த நேரத்தைத்தான்.

சோதனை இயற்பியலில் நிலைமை வேறு. லேசர், ஒளியியல், குறைகடத்தி, மீக்கடத்தி, பிளாஸ்மா, துகள் முடுக்கி, ஈர்ப்பலைக் கருவிகள், குவாண்டம் தொழில்நுட்பம் ஆகியவற்றில் பொறியியல் இயற்பியல் பட்டதாரி முதல் நாளிலிருந்தே ஆய்வகத்துக்குப் பயன்படுவார். இதற்கு டொன்னா ஸ்ட்ரிக்லண்டைவிட நேரான சான்று இல்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவர் 1981இல் பெற்ற பட்டம் பொறியியல் இயற்பியல். லேசரும் மின்-ஒளியியலும் பாடத்திட்டத்தில் இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்தார். பிறகு அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஜெரார் மூருவிடம் பிஎச்.டி. சேர்ந்தார்.

குறுந்துடிப்பு லேசரை மேலும் மேலும் பெருக்கினால் ஒரு கட்டத்தில் பெருக்கியே சேதமடைந்துவிடும் என்பது அப்போதைய சிக்கல். ஸ்ட்ரிக்லண்டும் மூருவும் துடிப்பை முதலில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ஒளியிழையில் செலுத்தி, நேரத்தில் நீட்டினார்கள். நீண்டதால் உச்சத் திறன் குறைந்தது. அதைப் பாதுகாப்பாகப் பெருக்க முடிந்தது. கடைசியில் விளிம்பு விளைவுக் கீற்றணிகளைக் கொண்டு மறுபடி சுருக்கினார்கள். இந்த முறையை விவரித்து 1985இல் வெளியான கட்டுரைக்கு 2018இல் நோபல் பரிசு வந்தது. இயற்பியலில் அதைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். வெவ்வேறு அலைநீளங்கள் இழையில் வெவ்வேறு வேகத்தில் போகும் என்பது இயற்பியல். கிலோமீட்டர் கணக்கில் இழையைச் சுற்றி, பெருக்கி, வரிசைப்படுத்தி, அளந்து காட்டியது ஆய்வகத் திறமை. அவருடைய பட்டப்படிப்பு இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

நம் நாட்டில் இப்போது இந்தப் பக்கம் வாய்ப்பு கூடிவருகிறது. 2023இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒதுக்கீடு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய். அதன் நான்கு மையங்களில் குவாண்டம் தகவல்தொடர்புக்கானது சென்னை ஐஐடியில் இருக்கிறது. இந்த மையங்களுக்குக் கோட்பாடு தெரிந்தவர்களும் வேண்டும், கிரையோஸ்டாட் என்ற மீக்குளிர்க் கருவியையும் ஒற்றை ஃபோட்டான் உணரியையும் இயக்கத் தெரிந்தவர்களும் வேண்டும்.

வானியலுக்கு இரண்டும் ஒத்துவரும். நிரல் எழுதத் தெரிந்தால் போதும், பட்டம் தடையில்லை. திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் ஓர் ஐந்தாண்டுப் படிப்பு நடத்துகிறது: பொறியியல் இயற்பியலில் பி.டெக்., அதன்மேல் வானியற்பியல், திண்மநிலை இயற்பியல், ஒளியியல் பொறியியல் போன்றவற்றில் ஒரு முதுகலை. எந்தப் பக்கம் என்று முடிவெடுக்க முடியாதவர்களுக்கு இது நல்ல நடுவழி. ஐசர்களில் முதல் இரண்டு ஆண்டுகள் எல்லா அறிவியலையும் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் துறையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதும் அதே வகையான வசதி.

சேர்க்கையின்போது

அமெரிக்காவில் பிஎச்.டி. பொதுவாக ஐந்து, ஆறு ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகளில் பாடங்களும் உண்டு. பல துறைகளில் மரபு இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம், புள்ளியியல் இயக்கவியல் என்ற அதே நான்கிலும் தகுதித்தேர்வு வைப்பார்கள். அதனால் பொறியியல் இயற்பியல் மாணவருக்குச் சிறிய குறைகள் இருந்தாலும் அங்கே போய்ச் சரிசெய்துகொள்ளக் காலம் கிடைக்கும். ஸ்டான்ஃபோர்டு, கார்னெல், ஹார்வர்டு, யேல் போன்றவற்றில் பயன்பாட்டு இயற்பியல் என்றே தனி பிஎச்.டி. உண்டு. பொறியியல் இயற்பியல் படித்தவர்கள் இயற்பியல் துறையை மட்டும் பார்த்து விண்ணப்பித்து, பொருத்தமான இந்தத் துறைகளைத் தவறவிடக் கூடாது. மூன்றாண்டு பி.எஸ்சி. மட்டும் முடித்தவர்களுக்கு அமெரிக்காவில் தடங்கல் வரும். பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டு இளநிலை கேட்கும். எம்.எஸ்சி.யும் முடித்துப் போனால் அந்தச் சிக்கல் இல்லை.

ஜிஆர்இ இயற்பியல் தேர்வைப் பல துறைகள் இப்போது கட்டாயமாக்குவதில்லை. ஆனாலும் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள நல்ல அளவுகோல் அது. மரபு இயக்கவியல் 20 விழுக்காடு, மின்காந்தவியல் 18, குவாண்டம் ஏறத்தாழ 12, வெப்பமும் புள்ளியியலும் 10 என்று சுமார் அறுபது விழுக்காடு அந்த நான்கிலேயே இருக்கிறது. அணு இயற்பியல், ஒளியியல், சார்பியல், ஆய்வக முறைகள், சிறப்புப் பகுதிகள் மீதி. மூன்றாம் ஆண்டில் ஒரு பழைய வினாத்தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். எங்கே பள்ளம் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஜெர்மனி போன்ற நாடுகளில் முதுகலை முடித்துத்தான் பிஎச்.டி. அந்த முதுகலைச் சேர்க்கையில் கோட்பாட்டு இயற்பியலில் எத்தனை கிரெடிட் என்று எண்ணிப் பார்க்கிற பல்கலைக்கழகங்கள் உண்டு. பொறியியல் இயற்பியல் மாணவருக்கு உண்மையிலேயே அடி விழக்கூடிய இடம் இதுதான். ஒரு தாள் குறைந்ததற்காக விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம். அங்கே போக நினைப்பவர் இரண்டாம் ஆண்டிலேயே அந்த நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும்.

இந்தியாவில் வழி எளிது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நுழைவுத் தேர்வையும், தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் உள்ளிட்ட பல நிறுவனங்கள் ஏற்கும் ஜெஸ்ட் தேர்வையும் பி.டெக். முடித்தவர்களும் எழுதலாம். நான்காண்டு இளநிலையில் 75 விழுக்காடு பெற்றவர்கள் நேரடியாக பிஎச்.டி. சேரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகள் சொல்கின்றன.

வீட்டில் பேச வேண்டியவை

‘ஆராய்ச்சி சரி, வேலை?’ என்று பெற்றோர் கேட்பதைக் குறுகிய புத்தி என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. பதினேழு வயதில் இருக்கும் ஆசை இருபத்தொன்றில் மாறலாம், வீட்டு நிலைமையும் மாறலாம். பொறியியல் இயற்பியலின் பெரிய பலம் இங்கேதான். நான்காண்டு முடிவில் கையில் பி.டெக். இருக்கும்; மென்பொருள், தரவுப் பகுப்பாய்வு, சிப் வடிவமைப்பு என்று வேலைக்குப் போக முடியும். அதிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. மூன்றாம் ஆண்டில் வகுப்பே பிளேஸ்மெண்ட் தயாரிப்பில் இறங்கும்போது, ஆராய்ச்சி ஆசையோடு வந்தவர்களும் அந்த ஓட்டத்தில் இழுபட்டுவிடுகிறார்கள். ஐசரிலோ அதே போன்ற நிறுவனமான நைசரிலோ சுற்றியிருக்கிற எல்லோரும் பிஎச்.டி. பற்றியே பேசுவார்கள், அந்தச் சூழலே ஒரு துணை.

பணத்தையும் கணக்கில் எடுங்கள். ஐஐடி பி.டெக். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்கும் குறைவான குடும்பத்து மாணவர்களுக்கும் அது முழு விலக்கு. 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. அரசுப் பள்ளியில் படித்து ஐஐடி போன்ற நிறுவனங்களில் சேர்வோரின் இளநிலைச் செலவை ஏற்பதாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. மறுபக்கம், பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் உண்டு. இது பி.டெக். மாணவர்களுக்குக் கிடையாது. பி.எஸ்சி. படிக்கும் வீட்டில் இந்தத் தொகை பெரிய ஆறுதல். பிஎச்.டி. சேர்ந்த பிறகு இரு பக்கத்தாருக்கும் நிலைமை ஒன்றுதான்: ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, பணித்தகுதி விதிகள். கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியராக வர, யுஜிசியின் 2018 விதிகள் தொடர்புடைய பாடத்தில் 55 விழுக்காட்டோடு முதுகலைப் பட்டம் கேட்கின்றன. பி.டெக். முடித்து நேராக பிஎச்.டி. போனவருக்கு அந்த இடத்தில் ஒரு காகிதம் குறையலாம். முதுகலைப் பட்டமும் சேர்த்துத் தரும் ஒருங்கிணைந்த பிஎச்.டி.யில் சேர்ந்தால் இந்தத் தொல்லை வராது. புற்றுநோய் மருத்துவமனைகளில் மருத்துவ இயற்பியலாளர் ஆக நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். அந்தப் பணிக்கான தகுதியை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்திருக்கிறது. அது அறிவியல் பட்டத்தையும் இயற்பியல் அல்லது மருத்துவ இயற்பியல் முதுகலையையும் அடிப்படையாகக் கொண்டது. அந்த வழிக்கு பி.எஸ்சி. இயற்பியல்தான் நேர்வழி.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு

தவறான பக்கம் சேர்ந்துவிட்டோமோ என்று இரண்டாம் ஆண்டில் கலங்குகிறவர்கள் நிறையப் பேர். சில ஐஐடிகள் துறை மாற்றத்தையே நிறுத்திவிட்டன, அதனால் கலக்கம் கூடியிருக்கிறது. கலங்கத் தேவையில்லை. பால் டிராக் 1921இல் பிரிஸ்டலில் மின்பொறியியல் பட்டம் பெற்றவர். போருக்குப் பிந்தைய மந்தநிலையில் வேலை கிடைக்காமல், அதே ஊரில் கணிதம் படித்துவிட்டு 1923இல் கேம்பிரிட்ஜ் போனார். ஜான் பார்டீன் விஸ்கான்சினில் மின்பொறியியலில் இளநிலையும் முதுநிலையும் முடித்து, ஓர் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் சில ஆண்டுகள் வேலையும் பார்த்த பிறகுதான் பிரின்ஸ்டனில் பிஎச்.டி. சேர்ந்தார், இயற்பியல் நோபலை இரண்டு முறை வாங்கியவர் அவர் ஒருவர்தான். திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்த ஜி.என். ராமச்சந்திரன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியலில் சேர்ந்து, பிறகு சி.வி. ராமனின் இயற்பியல் துறைக்கு மாறினார். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பைக் கண்டவர் அவர்.

பொறியியல் இயற்பியலில் இருந்துகொண்டு கோட்பாட்டுப் பக்கம் போக விரும்பினால், விருப்பப் பாட இடங்களை எல்லாம் இரண்டாம் குவாண்டம் தாளுக்கும், கணித முறைகளுக்கும், கிடைத்தால் பொதுச் சார்பியலுக்கும் செலவிடுங்கள். சென்னை ஐஐடியில் வி. பாலகிருஷ்ணன் நடத்திய மரபு இயற்பியல், குவாண்டம் இயற்பியல் விரிவுரைகள் என்பிடெல் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. கணக்குகளையும் சேர்த்துப் போட்டு ஒரு கோடை முழுக்க அவற்றோடு உட்கார்ந்தால் ஒரு செமஸ்டர் பள்ளம் நிரம்பிவிடும். பி.எஸ்சி.யில் இருந்துகொண்டு சோதனைப் பக்கம் போக விரும்புகிறவர் பைத்தான் கற்க வேண்டும்; சிறிய மின்னணுச் சுற்றுகளைத் தானே கட்டி, ஒரு உணரியிலிருந்து தரவு எடுத்து, பிழையைக் கணக்கிட்டு வரைபடம் போட்டுப் பழக வேண்டும். ஆர்டுயினோ பலகை போதும், பெரிய ஆய்வகம் தேவையில்லை.

இரு பக்கத்தாருக்கும் பொதுவான காலக்கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கத்துக்குள் முடிகின்றன. நான்காண்டுப் படிப்பில் இருப்பவருக்கு அந்த டிசம்பர் நான்காம் ஆண்டின் நடுவில் வருகிறது. ஆகவே விண்ணப்பத்தில் எழுதத் தகுந்த ஆய்வு வேலைக்குக் கடைசி வாய்ப்பு மூன்றாம் ஆண்டு முடிந்து வரும் கோடைதான். இந்தியாவின் அறிவியல் அகாதமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கை, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோடைத் திட்டம் போன்றவற்றுக்கு அதற்குப் பல மாதங்கள் முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். முடிந்தால் இரண்டாம் ஆண்டுக் கோடையையும் ஓர் ஆய்வகத்தில் செலவிடுங்கள். இரண்டு மாதம் கூட இருந்து வேலை செய்த பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பதானால் அக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள். செய்த வேலையைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பும் மதிப்பெண் பட்டியலும் சேர்த்து அனுப்பினால், அவர் விவரமாக எழுத முடியும்.